லார்ஜ் ஃபார்மட் கறுப்பு-வெள்ளை நெகட்டிவுக்கு ஸ்கேனர் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்கேனர் பெட்டியின் மேல் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஸ்கேனர் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் எப்சன் வி700, வி850 வகை ஸ்கேனர்களில் சோதனைத் தகடு வைத்து அளந்து பார்த்தால், உண்மையில் கிடைப்பது 2300ஐ ஒட்டித்தான். மீதியெல்லாம் கோப்பின் எடையைக் கூட்டும் வெறும் புள்ளிகள்.

கேட்டதும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் லார்ஜ் ஃபார்மட்டில், அதாவது 4×5 அங்குலமோ அதைவிடப் பெரியதோ ஆன தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிமில் எடுப்பவருக்கு அந்த 2300 பெரும்பாலும் போதும். சில நேரம் அதுவே அதிகம். ஏன் போதும், யாருக்குப் போதாது, போதாதவர் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 35 மி.மீ. ஃபிலிமின் கணக்கு வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் படி: பிரிண்டின் அளவை எழுதிக்கொள்ளுங்கள்

கடை, விலை, மாடல் எதையும் பார்க்கும் முன் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் போடப்போகும் மிகப் பெரிய பிரிண்ட் எவ்வளவு? என்றாவது ஒருநாள் போடலாம் என்ற ஆசையைச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் நிஜமாகப் போடப்போவதைக் கேட்கிறேன்.

4×5 என்று சொன்னாலும், கேமராவில் ஃபிலிமைப் பிடிக்கும் ஹோல்டரின் ஓரம் போக, படம் விழும் இடம் ஏறக்குறைய 95×120 மி.மீ.தான். அதாவது நீளவாக்கில் 4.7 அங்குலம். 20 அங்குல நீளப் பிரிண்டுக்கு அதை நாலேகால் மடங்கு பெரிதாக்க வேண்டும். பிரிண்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால், ஸ்கேனில் 300ஐ நாலேகாலால் பெருக்கினால் வரும் 1275 போதும். 40 அங்குலம் போகிறீர்கள் என்றால் 2550 வேண்டும். 8×10 ஃபிலிமிலிருந்து 20×24 பிரிண்ட் என்றால் 750கூடப் போதும். அதற்குப் பழைய சாதாரண ஸ்கேனரே தாராளம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, ஸ்கேனர்களில் உச்சமான டிரம் ஸ்கேனர்மேல் உள்ள ஆசை பாதிப் பேருக்குப் போய்விடும்.

இரண்டாம் படி: உங்கள் ஃபிலிமில் எவ்வளவு விவரம் இருக்கிறது?

ஃபிலிமில் இல்லாததை எந்த ஸ்கேனரும் எடுத்துத் தராது. லார்ஜ் ஃபார்மட்டில் ஆழப் புலத்துக்காக, அதாவது பக்கமும் தூரமும் ஒன்றாகத் தெளிவாக விழுவதற்காக, எல்லோரும் லென்ஸின் துளையை, அதாவது அப்பர்ச்சரை, நன்றாக மூடிவிடுகிறோம். எஃப் 22, எஃப் 32, சமயத்தில் எஃப் 45 (எண் கூடக் கூடத் துளை சிறிது). துளை சிறிதாகச் சிறிதாக ஒளி விளிம்பில் வளைந்து சிதறும். அதன் எல்லையைத் தோராயமாக அறிய 1500ஐ எஃப் எண்ணால் வகுத்தால் போதும். கிடைப்பது, ஒரு மில்லிமீட்டரில் பிரித்துக் காட்டக்கூடிய கறுப்பு-வெள்ளைக் கோட்டு ஜோடிகள். ஒரு ஜோடிக்கு இரண்டு புள்ளி வேண்டும், அங்குலத்துக்கு 25.4 மி.மீ.; ஆகவே அதை 50.8ஆல் பெருக்கினால் டிபிஐ வந்துவிடும்.

எஃப் 22இல் 68 ஜோடி, அதாவது 3450 டிபிஐ. எஃப் 32இல் 47 ஜோடி, ஏறக்குறைய 2400. எஃப் 45இல் 33 ஜோடி, 1700. இவை லென்ஸ் குற்றமே இல்லாமல், ஃபோகஸ் துளியும் பிசகாமல், காற்றில் பெல்லோஸ் (கேமராவின் துருத்தி) ஆடாமல் இருந்தால் கிடைக்கும் உச்சம். அந்த உச்சத்தில்கூடக் கோடுகள் சாம்பலோடு சாம்பலாகக் கரைந்துபோகும் நிலையில்தான் இருக்கும். வெளியில் காலைக் காற்றில் ஸ்டாண்டு வைத்து எடுக்கும் நமக்கு இதைவிடக் குறைவுதான்.

1932இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்ற புகைப்படக் கலைஞர்கள் சேர்ந்து தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்கள். எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் கட்சி. ஆனால் எஃப் 64இல் எல்லை வெறும் 23 ஜோடி. வெஸ்டன் 8×10 நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் பிரிண்ட் போட்டதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பெரிதாக்காத வரை அந்த இழப்பு கண்ணில் படாது.

ஆகவே, வழக்கமாக எஃப் 32இல் எடுப்பவர் என்றால் 2300 கொடுக்கும் ஸ்கேனர் உங்கள் நெகட்டிவில் இருப்பதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். எஃப் 16இலேயே எடுத்து, ஸ்டுடியோவில் அசையாப் பொருளை வைத்து, மெல்லிய குருணை (படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்) உள்ள ஃபிலிமைப் போடுபவர் மட்டும் மேலே தேடட்டும்.

மூன்றாம் படி: டென்சிட்டி எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்

டென்சிட்டி என்பது ஃபிலிமின் அடர்த்தி; ஸ்கேனர் படிக்கக்கூடிய அதன் உச்சம்தான் டிமேக்ஸ். வி850இன் விளம்பரத்தில் டிமேக்ஸ் 4.0 என்று வரும். 4.0 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியைக்கூடப் படித்துவிடும் என்று அர்த்தம். 3.5ஐத் தாண்டும் ஸ்லைடு ஃபிலிமுக்கு அது முக்கியம். கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் அடர்ந்த வெண்மேகம்கூட 2.0ஐத் தாண்டுவது அபூர்வம். அதாவது நூறில் ஒரு பங்கு ஒளி. சுமாரான ஸ்கேனர்கூட இதைப் படிக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிளாட்டினம், சால்ட் போன்ற பழைய முறைகளில் பிரிண்ட் போடுவதற்காகவே நெகட்டிவை நன்றாக முற்ற டெவலப் செய்பவர்களும், பழைய கண்ணாடி நெகட்டிவுகளை வைத்திருப்பவர்களும் இந்த எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெயிலில் வைத்து அச்சிடும் அந்தக் காலத்துத் தாள்களுக்கு அழுத்தமான நெகட்டிவ் தேவைப்பட்டது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் என்று சொல்லி எடுத்த கண்ணாடிகளில் அந்த அடர்த்தியைப் பார்க்கலாம்.

இதோடு சேர்த்து இன்னொரு விளம்பரத்தையும் ஓரம்கட்டிவிடுங்கள். தூசியையும் கீறலையும் தானே அழிக்கும் இன்ஃப்ராரெட் வசதி இருக்கிறது என்பார்கள். கலர் ஃபிலிமில் சாயம் இன்ஃப்ராரெட்டை உள்ளே விடும், தூசி விடாது. அதை வைத்துத்தான் அது தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு-வெள்ளையில் படமே வெள்ளித் துகள். வெள்ளியும் இன்ஃப்ராரெட்டை மறிக்கும். ஸ்கேனருக்கு உங்கள் படம் முழுக்கவே தூசியாகத் தெரியும். அதை ஆன் செய்து ஒருமுறை பாருங்கள், முகமெல்லாம் மெழுகு பூசியது போல வரும்.

நான்காம் படி: எந்த வகை?

முதலில் எதையெல்லாம் வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். எப்சன் வி600 மலிவாகக் கிடைக்கும், நல்ல ஸ்கேனர்தான். ஆனால் அதன் ஃபிலிம் விளக்கின் அகலம் ஏழு செ.மீ.கூட இல்லை. 4×5ஐ இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டும். சீரான வானத்தில் ஒட்டு தெரிந்து மானம் போகும். நிக்கான் கூல்ஸ்கேன் 9000, பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 120 இரண்டும் அருமையானவை, ஆனால் 120 ஃபிலிமோடு (மீடியம் ஃபார்மட் சுருள்) சரி. ஷீட் உள்ளேயே போகாது.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது எப்சனின் பெரிய ஃபிளாட்பெட்கள்தான் (தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஸ்கேன் செய்பவை): வி700, வி750, வி800, வி850. நான்கும் 8×10 வரை ஏற்கும். 2006இல் வந்த வி700க்கும் 2014இல் வந்த வி850க்கும் படத்தில் பெரிய வித்தியாசம் தேடாதீர்கள். புதியதில் எல்இடி விளக்கு, அதனால் சூடாகக் காத்திருக்க வேண்டாம். ஸ்கேனரில் ஃபிலிமைப் பிடிக்கும் ஹோல்டரில் நியூட்டன் வளையத்தை (ஃபிலிம் வழவழப்பான பரப்பைத் தொடும் இடத்தில் வரும் வானவில் வளையம்) தடுக்கும் தகடும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உண்டு. ஷீட் ஃபிலிம் நடுவில் தொய்வதுதான் நமக்குப் பெரிய தலைவலி என்பதால், அந்தத் தகட்டுக்காக வேண்டுமானால் கூடுதல் காசு கொடுக்கலாம். காசு இறுக்கம் என்றால் வி700க்கும் முந்தைய எப்சன் 4990ஐப் பாருங்கள். அதுவும் 8×10ஐ ஏற்கும்.

நல்ல டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் ஏற்கெனவே வைத்திருப்பவர் ஸ்கேனரே வாங்காமல் இருக்கலாம். 61 மெகாபிக்சல் கேமராவில் 4×5ஐ ஒரே கிளிக்கில் எடுத்தால் சுமார் 1690 டிபிஐ கிடைக்கும். 300 புள்ளிக் கணக்கில் அது 21×26 அங்குலப் பிரிண்ட். 24 மெகாபிக்சலில் ஒரே கிளிக் என்றால் 1070தான். ஆனால் பாதி அளவு உருப்பெருக்கத்தில் ஆறு துண்டாக எடுத்து ஒட்டினால் 2100ஐத் தொடலாம். கேமரா ஃபிலிமுக்குச் சரியாக இணையாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. விளக்குப் பலகை மேல் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரின் நட்டநடுவில் தெரிந்தால் இணை சரி. அப்புறம், ஃபிலிமைச் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கறுப்புத் தாளால் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது லென்ஸுக்குள் பரவி நிழல் பகுதியை வெளுக்கவைக்கும்.

பிளெக்ஸ்டைட் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்பு இமாகான், பிறகு ஹாசல்பிளாட். ஃபிலிமைக் கண்ணாடி இல்லாமல் வில் போல வளைத்துப் படிக்கும் இயந்திரம். 35 மி.மீ.க்கு எக்ஸ்5 மாடல் 8000 டிபிஐ கொடுக்கும். ஆனால் 4×5க்கு 2040தான்! மிகத் தெளிவான 2040, அதை மறுக்கவில்லை. ஆனாலும் 4×5க்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனசு வராது. தயாரிப்பும் நின்றுவிட்டது. ஃபயர்வயர் இணைப்புக்காகப் பழைய கணினி ஒன்றையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

உச்சம் டிரம் ஸ்கேனர். ஃபிலிமைத் திரவம் தடவி அக்ரிலிக் உருளையில் ஒட்டிச் சுழலவிட்டு, ஒளியை உணரும் போட்டோமல்டிபிளையர் குழாயால் புள்ளி புள்ளியாகப் படிப்பது. அச்சகத் தொழிலுக்காகச் செய்தவை. கனமானவை, பழையவை, பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பது கடினம். வாங்காதீர்கள். வருடத்துக்கு இரண்டோ மூன்றோ நெகட்டிவைப் பெரிய சுவருக்குப் போடப்போகிறீர்கள் என்றால், டிரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: டிரம்மில் குருணை முள் முள்ளாகத் தெரியும். அதை ரசிப்பவர்களும் உண்டு, பதறுபவர்களும் உண்டு.

கண்ணாடி நெகட்டிவ் வைத்திருப்பவருக்கு பிளெக்ஸ்டைட்டும் டிரம்மும் கிடையவே கிடையாது. கண்ணாடியை வளைக்க முடியாதே. ஃபிளாட்பெட், அல்லது கேமரா.

ஐந்தாம் படி: செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

ஒரு டார்ச்சை எடுத்துப் போங்கள். மூடியைத் திறந்து, கண்ணாடி மேல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். பழைய வி700களில் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய புகை படிந்தது போல ஒரு படலம் இருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது. திறந்துதான் துடைக்க வேண்டும். விலையைக் குறைக்க அது நல்ல காரணம்.

ஹோல்டர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். 4×5 ஹோல்டர் தொலைந்த ஸ்கேனர் பாதி விலைக்குக் கிடைத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

முடிந்தால் உங்கள் நெகட்டிவ் ஒன்றை அங்கேயே ஸ்கேன் செய்து பாருங்கள். சீரான வானம் உள்ளதாக இருக்கட்டும். நீளவாக்கில் மெல்லிய கோடு விழுந்தால் உள்ளே தூசி, அல்லது சென்சாரில் கோளாறு. முறையாகச் சோதிக்க விரும்பினால் இரண்டு பொருள் உதவும். ஒன்று யுஎஸ்ஏஎஃப் 1951 என்ற கோட்டுத் தகடு. அதில் ஐந்தாம் குழுவின் நான்காம் உறுப்பு வரை கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் 45 ஜோடி, அதாவது 2300 டிபிஐ. இன்னொன்று ஸ்டௌஃபரின் 21 படி டென்சிட்டிப் பட்டை. படிக்குப் படி 0.15 கூடும். எந்தப் படி வரைக்கும் பக்கத்துப் படியிலிருந்து பிரிந்து தெரிகிறதோ, அந்தப் படியின் அடர்த்திதான் அந்த ஸ்கேனரின் நிஜமான டிமேக்ஸ்.

ஆறாம் படி: உயரம்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃபிளாட்பெட் ஸ்கேனரில் ஃபோகஸை நாம் திருப்ப முடியாது. வி700 வகையில் உள்ளே இரண்டு லென்ஸ். ஒன்று கண்ணாடிப் பரப்பைப் பார்க்கும், 4800 டிபிஐ என்று போட்டிருப்பது அது. மற்றது கண்ணாடிக்கு ஏறக்குறைய மூன்று மி.மீ. மேலே, ஹோல்டரில் ஃபிலிம் இருக்கும் இடத்தைப் பார்க்கும். 6400 என்பது அது. அந்த மூன்று மி.மீ. இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் மாறும். தொழிற்சாலையிலிருந்து வந்த உயரமே உங்களுக்கும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

நான் நம்பினேன். மாமல்லபுரத்தில் எஃப் 32இல் எடுத்த ஒரு மண்டபத் தூண். நெகட்டிவை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் கல்லில் உளித் தடம் ஒவ்வொன்றும் நிற்கிறது. ஸ்கேனிலோ சோப்பில் செய்த தூண் மாதிரி வழவழவென்று இருக்கிறது. டெவலப்பரைச் சந்தேகித்தேன், லென்ஸைச் சந்தேகித்தேன். நாற்பது நெகட்டிவை ஸ்கேன் செய்து முடித்த பிறகுதான் ஹோல்டரின் காலைச் சந்தேகிக்கத் தோன்றியது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு துண்டு ஏ4 தாளை மடிக்காமல் வைத்தேன். உளித் தடம் வந்துவிட்டது. நாற்பதையும் மறுபடி ஸ்கேன் செய்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நல்ல விவரம் உள்ள நெகட்டிவ் ஒன்றை ஹோல்டரில் போடுங்கள். நடுவில் ஒரு சிறு சதுரத்தை மட்டும், ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். காலுக்கு அடியில் ஒரு தாள், இரண்டு தாள் என்று ஏற்றிக்கொண்டே போய் அதே சதுரத்தைத் திரும்பத் திரும்ப எடுங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றுக்கு 0.1 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளலாம். கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கூர்மை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். உயர்த்த உயர்த்த மோசமானால் ஹோல்டரைத் தாழ்த்த வேண்டும். வி850 ஹோல்டரில் காலின் உயரத்தை மாற்றினால் போதும். பழையதில் காலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

8×10ஐக் கண்ணாடி மேலேயே வைக்க வேண்டும். அதோடு வரும் சட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு நீளத் துளை இருக்கிறதே, அது ஸ்கேனர் தன் வெளிச்சத்தை அளந்துகொள்ளும் இடம். ஃபிலிமோ தூசியோ அதை மறைத்தால் படத்தில் நெடுக்குக் கோடு விழும்.

ஷீட்டைச் செங்குத்தாகப் பிடித்து, ஓரத்தில் அடையாளத்துக்காக இருக்கும் சிறு வெட்டு வலது மேல் மூலையில் இருந்தால் எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) உங்களைப் பார்க்கிறது. பளபளப்பான பின்பக்கம் கண்ணாடியைத் தொட்டால்தான் வானவில் மாதிரி நியூட்டன் வளையம் அதிகம் வரும். மங்கலான எமல்ஷன் பக்கத்தைக் கண்ணாடியை நோக்கி வைத்து, கணினியில் இடம் வலமாகத் திருப்பிக்கொள்வது நல்லது.

தூசிக்கு வழி ஒன்றுதான்: மின்விசிறியை நிறுத்துங்கள். ஏப்ரல் மாதத்தில் இது சித்திரவதை, தெரியும். கையால் அமுக்கும் ரப்பர் பல்பால் ஊதி, மென்மையான பிரஷால் ஒரு தடவு. வாயால் ஊதவே ஊதாதீர்கள்.

ஏழாம் படி: ஸ்கேன் அமைப்பு

எப்சன் ஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட், வியூஸ்கேன் எதுவானாலும் சரி. 16 பிட் கிரேஸ்கேல், ஷார்ப்பனிங் அணைப்பு, தூசி நீக்கம் அணைப்பு. 8 பிட்டில் எடுத்தால் பிறகு மேகத்தைக் கொஞ்சம் இழுத்தாலே படிப் படியாக உடைந்துவிடும். நெகட்டிவில் மஞ்சள் கறை விடும் பைரோ டெவலப்பர் போட்டவர் மட்டும் 48 பிட் ஆர்ஜிபியில் எடுக்கட்டும். அந்த மஞ்சள் கறை நீல சேனலில் கான்ட்ராஸ்டைக் கூட்டும். எந்த சேனல் வேண்டும் என்று பிறகு தேர்ந்துகொள்ளலாம்.

தானியங்கி எக்ஸ்போஷரை நம்பாதீர்கள், இரண்டு முனையையும் வெட்டிவிடும். ஹிஸ்டோகிராமின் இரு பக்கமும் சிறிது வெற்றிடம் விட்டு எல்லைகளை நீங்களே வையுங்கள். வெளிறிய, உயிரில்லாத படமாக வரும். வரட்டும். ஸ்கேன் என்பது மூலப்பொருள், சமையல் அப்புறம்.

நான் 3200இல் எடுத்து 2400க்குக் குறைத்து வைக்கிறேன், குருணை கொஞ்சம் அடங்குகிறது. 2400இல் ஒரு 4×5 டிஃப் கோப்பு ஏறக்குறைய 200 எம்பி. அதே ஷீட்டை 6400இல் எடுத்தால் ஒன்றரை ஜிபி ஆகும், அதே உளித் தடம்தான் தெரியும். 8×10 எடுப்பவர்கள் 2400இலேயே ஒரு ஷீட்டுக்கு 860 எம்பி என்று வைத்து ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாக வாங்குங்கள்.